பிரியஸ் பேட்டரி செத்துவிட்டதா, வயர் பொய் சொல்கிறதா? (சுங்கை சிப்புட்)

லிந்தாங்_தம்பி

எல்லாருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட்டில், லிந்தாங் போகிற வழியில் தோட்டத்துப் பக்கம் குடியிருக்கிறேன். காடி (கார்) 2010 டொயோட்டா பிரியஸ் ஹைப்ரிட், மூன்றாம் தலைமுறை, கைமாறி வந்தது. ஈப்போவுக்கு வேலைக்குப் போய்வர இதை விட்டால் வேறு வழியில்லை.

கொஞ்ச நாளாக டேஷ்போர்டில் சிவப்பு முக்கோணம் வந்து வந்து போகிறது. பட்டணத்தில் ஒரு பட்டறையில் ஸ்கேன் போட்டார்கள். கோளாறு கோட் இரண்டு வந்தது: பி0ஏ80, கூடவே பி3017. போர்மேன் (மெக்கானிக்) திரையைப் பார்த்த வேகத்தில், "ஏழாம் பிளாக்கில் ஒரு செல் காலி, பேட்டரி முழுசும் மாற்றணும்" என்றார். அவர் சொன்ன விலைக்கு ஒரு பழைய மைவி காரே வாங்கிவிடலாம்.

எனக்கு உறுத்துவது ஒன்றுதான். வெயில் காய்ந்தால் முக்கோணம் தலைகாட்டுவதில்லை. இரவு முழுக்க மழை அடித்த மறுநாள் காலையில் சரியாக வந்துவிடுகிறது. செத்த செல்லுக்கு மழை என்ன, வெயில் என்ன?

ஷாப்பியில் காடியின் கணினியைப் படிக்கிற ஒரு புளூடூத் ஓபிடி கருவி வாங்கி, டாக்டர் பிரியஸ் செயலியில் பார்த்தேன். மழை பெய்த மறுநாள் காலை, காடியை எடுக்கும் முன், பிரேக்கை மிதிக்காமல் பவர் பட்டனை இரண்டு தடவை அழுத்தி, ரெடி விளக்கு வராத நிலையில் எடுத்த கணக்கு:

பிளாக் 5: 15.9 வோல்ட்
பிளாக் 6: 15.9
பிளாக் 7: 14.7
பிளாக் 8: 17.1
பிளாக் 9: 15.9

மற்றதெல்லாம் 15.8, 15.9. விவரம் தெரிந்த அண்ணன்மார் சொல்லுங்கள்.

ஹாஃப்கட்_ராஜா

தம்பி, இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. ஒரு பிளாக் என்பது இரண்டு மாட்யூல், ஒரு மாட்யூலில் 6 செல், ஒரு செல் 1.2 வோல்ட். ஏழாம் பிளாக் மற்றவற்றைவிட அதே 1.2 வோல்ட் கீழே நிற்கிறது. ஒரு செல் போய்விட்டது என்று போர்மேன் சொன்னது கணக்குப்படி சரி.

ஒரு மாட்யூலை மட்டும் மாற்றி ஓட்டலாம், ஆனால் அடுத்த வருஷம் இன்னொன்று போகும். 2011 முதல் 2013 வரை 2000 சிசிக்குக் கீழே உள்ள ஹைப்ரிட்டுகளுக்கு அரசாங்கம் இறக்குமதி வரியையும் கலால் வரியையும் தள்ளுபடி செய்தபோது ஆளாளுக்கு வாங்கினார்கள் இல்லையா, அந்தக் காடிகளின் பேட்டரி எல்லாம் இப்போது எங்கள் கடை வாசலில்தான் வந்து நிற்கிறது. ஜப்பானிலிருந்து இறங்கிய நல்ல பேட்டரி இருக்கிறது. வேண்டுமானால் தனி மெசேஜ் போடுங்கள்.

பழைய_வயர்மேன்

ராஜா, ஏழைப் பார்த்தீர்கள். எட்டைப் பார்த்தீர்களா?

17.1. பன்னிரண்டு செல்லால் வகுத்தால் ஒரு செல்லுக்கு 1.425 வோல்ட். காடி இரவு முழுக்கச் சும்மா நின்றிருக்கிறது, சார்ஜ் ஏறவில்லை. பக்கத்தில் இருக்கிற பிளாக்கெல்லாம் செல்லுக்கு 1.325 காட்டும்போது, எட்டாம் பிளாக்குக்கு மட்டும் இந்த உயரம் எங்கிருந்து வந்தது? செல் செத்தால் ஒரு பிளாக் இறங்கும். அதற்காக அடுத்த பிளாக் ஏறாது.

இப்போது ஏழையும் எட்டையும் கூட்டுங்கள். 31.8. ஐந்தையும் ஆறையும் கூட்டுங்கள். அதே 31.8. ஏழில் குறைந்தது முழுசாக எட்டில் இருக்கிறது.

பிளாக் வோல்ட்டை ஈசியு, அதாவது பேட்டரியைக் கண்காணிக்கிற கணினி, நேரடியாகப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு இரண்டு மாட்யூலுக்கும் இடையே பஸ் பாரிலிருந்து (மாட்யூல்களை இணைக்கிற உலோகப் பட்டை) வோல்ட்டை அளக்க ஒரு மெல்லிய சென்ஸ் வயர் ஈசியுவுக்குப் போகிறது. ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் இருக்கிற வயர் ஒன்றே ஒன்று. ஏழு முடிகிற இடமும் அதுதான், எட்டு தொடங்குகிற இடமும் அதுதான். இரண்டு பேர் நிலத்துக்கு நடுவே எல்லைக்கல் நகர்ந்த கதை. ஒருவன் நிலம் சுருங்கும், இன்னொருவன் நிலம் விரியும், மொத்த நிலம் அப்படியே இருக்கும்.

ஆகவே என் சந்தேகம் செல் மேல் இல்லை. அந்த ஒரு வயர் மேல், அல்லது அதன் நட்டு மேல், அல்லது ஈசியுவில் செருகுகிற கனெக்டர் பின் மேல். மழை பெய்தால் வருகிறது என்கிறீர்கள். ஈரம் பட்டால் பச்சை பூத்த செம்பு இன்னும் மோசமாகும். டிக்கியில் ஸ்பேர் டயர் குழியைத் திறந்து பாருங்கள், தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று.

அப்புறம், யாரிடம் கொடுத்தாலும் ஸ்கேனில் வந்த கோட் எண்களை அழிக்க விடாதீர்கள். கோட் எண்களோடு சேர்த்து ஈசியு அந்த நேரத்து வோல்ட், ஆம்பியர், சூடு எல்லாவற்றையும் சேமித்து வைத்திருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும்.

லிந்தாங்_தம்பி

அண்ணே, இப்போதுதான் பார்த்துவிட்டு வருகிறேன். ஸ்பேர் டயர் குழியில் தண்ணீர் இல்லை, ஆனால் கார்பெட் அடியில் நல்ல ஈரம். ஒரு பக்கம் தகரத்தில் துரு ஓடியிருக்கிறது.

ஹாஃப்கட்_ராஜா

சரி, எட்டை நான் கணக்கில் எடுக்கவில்லை, பார்க்க வேண்டியதுதான். ஆனாலும் ஒன்று சொல்கிறேன். சும்மா நிற்கும்போது எடுத்த எண்ணை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. ஓட்டும்போது என்ன காட்டுகிறது? அழுத்தினால் ஏழு இன்னும் இறங்குகிறதா?

பழைய_வயர்மேன்

ராஜா கேட்டது சரியான கேள்வி. அதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பின்னால் தேடி வருகிறவர்களுக்கும் உதவும்.

மூன்று விதமான கோளாறு இந்த ஒரே பி3017-க்குப் பின்னால் ஒளிந்திருக்கலாம். மூன்றும் ஆம்பியர் ஏறி இறங்கும்போது வேறு வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

முதலாவது, உண்மையிலேயே பலவீனமான மாட்யூல். லோட் இல்லாதபோது ஓரளவு மற்றவற்றோடு ஒட்டி நிற்கும். மேட்டில் அழுத்தினால் மற்ற பிளாக் இறங்குவதைவிட வேகமாக இறங்கும். பிரேக் பிடித்து சார்ஜ் ஏறும்போது மற்றவற்றைவிட முன்னதாக எகிறும். உள்ளே ரெசிஸ்டன்ஸ் கூடிவிட்டது, கொள்ளளவு குறைந்துவிட்டது, அதனால்தான். ஒரு செல் முழுசாகச் செத்திருந்தால் சும்மா நிற்கும்போதே ஒன்றேகால் வோல்ட் கீழே நிற்கும், பக்கத்து பிளாக் நார்மலாக இருக்கும்.

இரண்டாவது, பஸ் பார் சரியாகப் பிடிக்காமல் இருப்பது. இதுதான் ஆளை ஏமாற்றும். பெரிய ஆம்பியர் ஓடுகிற பாதையிலேயே அழுக்கு. 5 மில்லி ஓம் ரெசிஸ்டன்ஸ் என்று வையுங்கள், ஒன்றுமே இல்லை போலத் தோன்றும். ஆனால் 100 ஆம்பியர் ஓடும்போது அதில் அரை வோல்ட் காணாமல் போகும். லோட் போட்டால் இறங்கும், சார்ஜ் போட்டால் ஏறும், அசல் பலவீனமான மாட்யூல் மாதிரியே. வித்தியாசம் என்னவென்றால், கால் எடுத்து ஆம்பியர் பூஜ்யத்துக்கு வந்த அந்த நொடியே எண் சமமாகிவிடும். களைத்த செல் அப்படி உடனே எழுந்து நிற்காது, கொஞ்ச நேரம் எடுக்கும். மாட்யூல் மாற்றியும் அதே பிளாக்கில் கோட் திரும்ப வருகிற காடிகளில் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். மாட்யூலை மாற்றினார்கள், பஸ் பாரைத் துடைக்கவில்லை.

மூன்றாவது, சென்ஸ் வயர். இதற்கு ஆம்பியரைப் பற்றிக் கவலையே இல்லை. நிற்கும்போதும் தப்பு, ஓடும்போதும் அதே தப்பு. இல்லாவிட்டால் குழியில் காடி குலுங்கும்போது எண் குதிக்கும், ஆம்பியர் மாறாமலே. பெரும்பாலும் ஒன்று தாழ, பக்கத்தில் ஒன்று உயர, ஜோடியாக வரும்.

தம்பி செய்ய வேண்டியது: கிந்தா பக்கம் ஏதாவது ஒரு மேட்டில் ஒருவர் ஓட்ட, இன்னொருவர் செயலியைப் பார்க்க வேண்டும். ஓட்டுகிறவர் போனைப் பார்க்க வேண்டாம். ஏழுக்கும் எட்டுக்கும் உள்ள 2.4 வோல்ட் இடைவெளி லோட் போட்டாலும் அப்படியே நிற்கிறதா, விரிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஈசியு_பைத்தியம்

வயர்மேன் அண்ணன் சொன்னதோடு ஒரு சின்னச் சேர்க்கை. இந்த ஜோடி அடையாளத்தை எல்லாக் காடிக்கும் சட்டமாக வைக்க முடியாது. ஈசியு எப்படி அளக்கிறது என்பதைப் பொறுத்தது. சில ஈசியு ஒரு சின்ன கெப்பாசிட்டரை ஒவ்வொரு பிளாக்கிலும் மாற்றி மாற்றி இணைத்து, அதில் ஏறிய வோல்ட்டைப் படிக்கும். அப்படிப்பட்டதில் நடு வயரில் ரெசிஸ்டன்ஸ் கூடினால் கெப்பாசிட்டர் நிறைய நேரம் போதாமல் இரண்டு பக்கத்து பிளாக்கும் சேர்ந்தே தாழ்ந்து தெரியலாம். அடுத்தடுத்த இரண்டு பிளாக் ஒரே அளவு தாழ்ந்திருந்தாலும் நடு வயரைச் சந்தேகப்படுங்கள். இரண்டு மாட்யூல் ஒரே நாளில், ஒரே அளவில், பக்கத்துப் பக்கத்தில் சாவது அபூர்வம்.

எல்லா பிளாக்கையும் கூட்டி, செயலி காட்டுகிற மொத்த வோல்ட்டோடு ஒப்பிடுங்கள். மொத்தத்தை ஈசியு தனி வழியில் அளந்தால், கூட்டல் மட்டும் குறையும்போது வயர்தான் என்று தெரிந்துவிடும்.

தாமான்_டீச்சர்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் காடி பிரியஸ் சி. பின் சீட்டுக்கு அடியில் இருந்து விசிறி பயங்கரமாகச் சத்தம் போடுகிறது, காலையில் எடுத்த உடனேயே. மேட்டில் இழுவையும் இல்லை. கடையில் பேட்டரி சூடாகிறது, மாற்ற வேண்டும் என்றார்கள். இதுவும் சென்சாராக இருக்குமா?

பழைய_வயர்மேன்

டீச்சர், காலையில் எடுத்த உடனே என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதிலேயே பாதி விடை இருக்கிறது. இரவு முழுக்க நின்ற பேட்டரிக்குச் சூடு எங்கிருந்து வரும்?

பேட்டரி மேல் ஒட்டியிருக்கிற சூடு சென்சார் எல்லாம் தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் ரெசிஸ்டன்ஸ் இறங்கும். வயர் அறுந்தால் ஈசியு அதைக் கடுங்குளிர் என்று படிக்கும். நம் ஊரில் பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது டிகிரி என்று திரையில் வந்தால் யாருக்கும் சந்தேகம் வராது, வயர்தான். தொல்லை கொடுப்பது இதன் மறுபக்கம். கனெக்டரில் ஈரமோ அழுக்கோ படிந்தால் தெர்மிஸ்டருக்குப் பக்கவாட்டில் இன்னொரு பாதை உண்டாகும், ரெசிஸ்டன்ஸ் குறையும், ஈசியு அதைச் சூடு என்று நம்பும். நம்பினால் விசிறியை முழு வேகத்தில் ஓட விடும், பேட்டரியிலிருந்து எடுக்கிற பவரைக் குறைக்கும். உங்களுக்கு நடப்பது அதுவாக இருக்கலாம்.

விடியற்காலை, வெயில் படும் முன், காடியை ரெடி போடாமல் செயலியில் எல்லாச் சூடு எண்களையும் பாருங்கள். எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, வெளிச்சூட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

தாமான்_டீச்சர்

பார்த்தேன். ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் 25, 26. அந்த ஒன்று மட்டும் 61!

போன மாதம் சின்னவன் பின் சீட்டில் மைலோவைக் கொட்டினான். ஒரு பாக்கெட் முழுக்க. துணியால் துடைத்துவிட்டு மறந்துவிட்டேன்.

பழைய_வயர்மேன்

மைலோவில் சர்க்கரை, பால், உப்பு எல்லாம் இருக்கிறது, மின்சாரத்துக்கு நல்ல பாதை. சீட்டைத் தூக்கி அந்தக் கனெக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களே திறக்க வேண்டாம், பிரியஸ் சியில் பெரிய பேட்டரியும் அங்கேதான் இருக்கிறது, 144 வோல்ட். பார்க்கிறவரிடம் விசிறி வாயையும் துடைக்கச் சொல்லுங்கள். செம்மண் ரோட்டில் ஓடுகிற காடிகளில் விசிறி இறக்கையில் தூசி தடித்துக் கிடக்கும். அது உண்மையான சூடு, சென்சார் பொய் இல்லை. உங்கள் கேஸில் இரண்டும் சேர்ந்து இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

மட்டுறுத்துநர்

இந்த இழையைப் பலர் படிப்பது தெரிகிறது, ஆகவே ஒரு எச்சரிக்கை. மூன்றாம் தலைமுறை பிரியஸ் பேட்டரி 28 மாட்யூல், 201.6 வோல்ட், நேர் மின்சாரம். ஆளைக் கொல்லும். ஆரஞ்சு நிறப் பிளக்கை உருவினால் பேட்டரி இரண்டாகப் பிரியும், அவ்வளவுதான். அதன் பிறகும் ஒவ்வொரு பகுதியிலும் ஆபத்தான வோல்ட் இருக்கும். வெளியே இன்வெர்ட்டரில் இருக்கிற கெப்பாசிட்டர் வடியக் குறைந்தது 10 நிமிஷம் காத்திருக்க வேண்டும். சாவியைக் காடிக்குத் தூரமாக வையுங்கள், 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள், உருவிய பிளக்கை உங்கள் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள், வேறு யாரும் திரும்பச் செருகிவிடாதபடி.

1000 வோல்ட் தாங்கும் மின்கையுறை வேண்டும், வீட்டில் பாத்திரம் கழுவுகிற ரப்பர் உறை போதாது. ஒவ்வொரு தடவையும் காற்றை ஊதி ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். மோதிரம், கைக்காப்பு, கழுத்துச் சங்கிலி, தாயத்து எல்லாம் கழற்றிவிட வேண்டும். தனியாகச் செய்யாதீர்கள்.

லிந்தாங்_தம்பி

மேட்டில் ஓட்டிப் பார்த்தோம். மச்சான் ஓட்டினான், நான் எண்ணைப் பார்த்தேன். அழுத்தினால் எல்லா பிளாக்கும் சேர்ந்து இறங்குகிறது, ஏழும் எட்டும் உட்பட. இடைவெளி 2.3, 2.4 என்று அப்படியே நிற்கிறது. பிரேக் பிடித்து சார்ஜ் ஏறும்போதும் அதே. ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தபோது மட்டும் இரண்டும் சமமாகி, பிறகு பழையபடி பிரிந்துவிட்டது.

ஹாஃப்கட்_ராஜா

தம்பி, பேட்டரி வாங்க வேண்டாம். அண்ணன் ஜெயித்தார்.

பழைய_வயர்மேன்

யார் ஜெயித்தால் என்ன, பெட்டியைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். தம்பி, உங்கள் பக்கம் ஹைப்ரிட் திறந்து பழகிய ஆள் யாராவது இருக்கிறாரா?

லிந்தாங்_தம்பி

சித்தப்பா ஒருவர் தோட்டத்து மில்லில் எலெக்ட்ரிஷியனாக இருந்து ரிட்டையர் ஆனவர். கையுறை, 1000 வோல்ட்டுக்குச் சான்று போட்ட மல்டிமீட்டர் எல்லாம் அவரிடம் இருக்கிறது. ஈப்போவில் ஹைப்ரிட் மட்டும் பார்க்கிற ஒரு போர்மேனும் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், கூலி பேசியாயிற்று. என்னென்ன அளக்கச் சொல்ல வேண்டும்?

பழைய_வயர்மேன்

மூன்று இடத்தில் அளக்க வேண்டும்.

ஒன்று, மாட்யூல் முனையிலேயே. ஏழாம் பிளாக்கின் இரண்டு மாட்யூல், எட்டாம் பிளாக்கின் இரண்டு மாட்யூல். நான்கும் 7.9 வோல்ட் பக்கம் சமமாக இருந்தால் செல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. இதோடு முக்கால்வாசிச் சண்டை தீர்ந்துவிடும்.

இரண்டு, ஈசியு கனெக்டரைக் கழற்றி, அந்தப் பின்களில் அதே வோல்ட் வருகிறதா என்று. இங்கே ஒரு பொறி இருக்கிறது. டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள் ரெசிஸ்டன்ஸ் 10 மெகா ஓம். வயரில் 1 கிலோ ஓம் அழுக்கு இருந்தாலும் மீட்டர் 16 வோல்ட் என்றுதான் காட்டும், ஏனென்றால் மீட்டர் கரண்டே எடுப்பதில்லை. வயர் நன்றாக இருக்கிறது என்று நினைத்துத் திரும்பவும் மூடிவிடுவார்கள். ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரை மீட்டர் முனைகளுக்குக் குறுக்கே வைத்து அளந்தால் அதே வயரில் 14.5-க்கு இறங்கும். அப்போது மாட்டிக்கொள்ளும். பல்பு வைக்காதீர்கள், அந்த வயர் அவ்வளவு கரண்ட் தாங்கச் செய்ததில்லை.

மூன்று, சென்ஸ் வயரைப் பஸ் பாரிலிருந்து கழற்றிய பிறகு முனைக்கு முனை ரெசிஸ்டன்ஸ். அளக்கும்போது வயரை லேசாக ஆட்டிப் பாருங்கள்.

எதைத் தொடும் முன்பும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பச்சை நிறம் படிந்திருந்தால் செம்பு அரிப்பு, சுத்தம் செய்தால் தீர்ந்தது. மாட்யூல் முனையில் வெள்ளையாக உப்புப் போலப் பூத்திருந்தால் அது வேறு. உள்ளே இருக்கிற பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கசிந்து காற்றில் காய்ந்தது. அந்த மாட்யூலைத் தூக்கிப் போட வேண்டியதுதான். கையில் படக் கூடாது, கண்ணுக்கு மறைப்புப் போடுங்கள். அந்தக் கசிவு பெட்டியின் தகரம் வரை போனால் பி0ஏஏ6 என்று இன்சுலேஷன் கோட் வரும், அதையும் சிலர் பேட்டரி முழுசும் போச்சு என்று படிப்பார்கள்.

கிராப்_ஓட்டுநர்

அண்ணே, நானும் மூன்றாம் தலைமுறை பிரியஸ்தான். கோட் எதுவும் இல்லை. ஆனால் திரையில் பேட்டரி சார்ஜ் அளவுக் கோடு ஏழு காட்டிக்கொண்டே இருக்கும், சிக்னலில் நிற்கும்போது சட்டென்று இரண்டுக்கு விழும். பிறகு எஞ்சின் உறுமி உறுமி ஏற்றும். இதற்கும் வயரா?

பழைய_வயர்மேன்

உங்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. கரண்ட் சென்சார், இல்லாவிட்டால் நிஜமாகவே தேய்ந்த பேட்டரி.

ஈசியு சார்ஜ் அளவைப் பெரும்பாலும் கூட்டல் கழித்தலில்தான் வைத்திருக்கிறது. உள்ளே எவ்வளவு ஆம்பியர் போனது, வெளியே எவ்வளவு வந்தது. அதை எண்ணிக் கொடுப்பது கேபிளைச் சுற்றி மாட்டியிருக்கிற ஹால் சென்சார். கரண்ட் ஓடாதபோது அதன் வெளியீடு சுமார் 2.5 வோல்ட். அது கொஞ்சம் நகர்ந்தாலும் கணக்குப் புத்தகம் முழுக்கத் தப்பாகிவிடும். அரை ஆம்பியர் தப்பு என்று வையுங்கள். ஒரு மணி நேரத்தில் அரை ஆம்பியர் மணி. உங்கள் பேட்டரியே மொத்தம் 6.5 ஆம்பியர் மணிதான், அதிலும் ஈசியு நாற்பதிலிருந்து எண்பது சதவீதத்துக்குள்தான் வைத்து ஓட்டும், அதாவது 2.6. ஒரு மணி நேரத்தில் அதில் ஐந்தில் ஒரு பங்கு கணக்கு பிசகினால், பிறகு வோல்ட்டைப் பார்த்து ஈசியு விழித்துக்கொண்டு ஒரே அடியாகத் திருத்தும். அந்தத் திருத்தம்தான் உங்கள் திரையில் கோடு விழுவது.

சோதனை சுலபம். ரெடி போடாமல், பவர் மட்டும் இரண்டு தடவை அழுத்துங்கள். அந்த நிலையில் பேட்டரியின் பெரிய ரிலே திறந்தே இருக்கும், ஒரு துளி கரண்ட்கூட ஓட முடியாது. செயலியில் ஆம்பியர் பூஜ்யம் காட்ட வேண்டும். எப்போது பார்த்தாலும் ஒரே பக்கமாக அரை, முக்கால் என்று காட்டினால் சென்சாரையும் அதன் கனெக்டரையும் பாருங்கள். பூஜ்யம் சுத்தமாக இருந்தும் கோடு விழுந்தால், பேட்டரியின் கொள்ளளவு தேய்ந்துவிட்டது, அப்போது ராஜாவிடம் போங்கள்.

சென்சாரை மாற்றினால் கவனம், திசை இருக்கிறது. திருப்பி மாட்டினால் சார்ஜ் ஏறுவதை இறங்குகிறது என்று படிக்கும், அப்புறம் வேடிக்கைதான்.

கிராப்_ஓட்டுநர்

பூஜ்யம் சுத்தமாக இருக்கிறது. 0.0. ராஜா அண்ணே, விலை சொல்லுங்கள்.

ஹாஃப்கட்_ராஜா

எனக்கும் ஒரு நாள் வரும் என்று தெரியும். மெசேஜ் போட்டிருக்கிறேன்.

லிந்தாங்_தம்பி

நேற்று திறந்தோம். படம் ஏற்ற முடியவில்லை, லைன் சரியில்லை, எழுத்தில் சொல்கிறேன்.

நான்கு மாட்யூலும் 7.93-லிருந்து 7.95-க்குள். வெள்ளைப் பூப்பு எங்கும் இல்லை. ஆனால் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் இருந்த பஸ் பார் நட்டு முழுக்கப் பச்சை. பக்கத்திலும் இரண்டு மூன்று நட்டில் லேசாகப் பச்சை பிடித்திருந்தது. சித்தப்பா முதலில் மீட்டரை மட்டும் வைத்துப் பார்த்தார், கனெக்டரில் 15.8 வந்தது. ரெசிஸ்டர் வைத்ததும் பதின்மூன்றுக்குப் போய்விட்டது. போர்மேன் அந்த ரெசிஸ்டர் வேலையைப் போனில் வீடியோ எடுத்துக்கொண்டார்.

அது மட்டுமில்லை. விசிறிக் குழாய்க்குள் எலிக்கூடு. பஞ்சு, செம்பனை நார், ஒரு பிஸ்கட் காகிதம். சென்ஸ் வயர்க் கட்டின் மேலுறையைக் கடித்திருக்கிறது, நல்லவேளை உள்ளே செம்பு தெரியவில்லை. தோட்டத்தில் எலி பிடிக்க ஆந்தைக்குப் பெட்டி கட்டி வைக்கிறார்கள், என் காடிக்கு யார் கட்டுவது?

பஸ் பார் எல்லாவற்றையும் கழற்றி மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துக் காயவைத்தோம். அந்தச் சென்ஸ் வயர் முனையைப் புதிதாகக் கிரிம்ப் செய்தார்கள். நட்டுக்கு எவ்வளவு இறுக்கம் என்று சொல்லுங்கள், சித்தப்பா மில் பழக்கத்தில் இறுக்கிவிடுவாரோ என்று போர்மேன் டார்க் ஸ்பேனரை அவர் கையில் கொடுக்கவே இல்லை.

பழைய_வயர்மேன்

5.4 நியூட்டன் மீட்டர். அதற்கு மேல் போனால் மாட்யூலின் போல்ட் உள்ளே சுற்றிக்கொள்ளும், அப்புறம் அந்த மாட்யூலே வீண். போர்மேன் செய்தது சரி.

மழைத்தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தீர்களா? அதை விட்டுவிட்டால் அடுத்த மழைக்காலத்தில் திரும்பவும் இதே கதைதான். பின் விளக்கின் சீல், டிக்கிக் கதவு ரப்பர், இரண்டையும் ஹோஸ் பிடித்துப் பாருங்கள்.

லிந்தாங்_தம்பி

இடது பின் விளக்கு. சீல் காய்ந்து வெடித்திருந்தது, மாற்றியாயிற்று.

இன்று விடியற்காலை நல்ல மழை. காடியை எடுக்கும் முன் பார்த்தேன், ஏழு 15.9, எட்டு 15.9. முக்கோணம் இல்லை. ஆனால் மேட்டில் அழுத்தும்போது மூன்றாம் பிளாக் மட்டும் மற்றவற்றைவிட 0.4 கீழே போகிறது. கால் எடுத்தாலும் உடனே சமமாவதில்லை. இதையும் வயர் என்று சொல்லிவிடலாமா அண்ணே?

பழைய_வயர்மேன்

இல்லை தம்பி, இது செல். லோட் போட்டால் இறங்கி, மெதுவாக எழுகிறது, பக்கத்து பிளாக் ஏறவில்லை. ஆனால் 0.4-க்கு இப்போதே ஓட வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை அதே மேட்டில், அதே மாதிரி அழுத்திப் பார்த்து எழுதி வையுங்கள். ஒரு வோல்ட்டை நெருங்கினால் அந்த பிளாக்கின் இரண்டு மாட்யூலை மட்டும் மாற்றலாம். மாற்றும்போது ராஜா கடையில் கிடைக்கிற முதல் மாட்யூலை எடுத்துப் போட்டுவிட வேண்டாம், உங்கள் மற்ற மாட்யூலின் வோல்ட்டுக்கும் கொள்ளளவுக்கும் நெருக்கமானதை அளந்து எடுக்கச் சொல்லுங்கள். ரொம்பப் புதுசைப் பழையதோடு கலந்தால் அடுத்த கோட் அங்கிருந்தே வரும்.

ஹாஃப்கட்_ராஜா

அளந்தே தருகிறேன். ஒவ்வொரு மாட்யூலிலும் பேனாவால் ஆம்பியர் மணி எழுதித்தான் வைத்திருக்கிறோம். டீச்சர், உங்கள் விசிறி என்ன ஆயிற்று?

தாமான்_டீச்சர்

கனெக்டருக்குள் மைலோ ஒட்டிக் காய்ந்து கிடந்ததாம். கழுவிக் காயவைத்து மாட்டினார்கள். விசிறி அமைதி, காலையில் எல்லாம் 25. இறக்கையில் தூசியும் இருந்தது, அதையும் எடுத்துவிட்டார்கள். சின்னவனுக்கு இனிமேல் காடியில் பச்சைத் தண்ணீர் மட்டும்.